பழைய இசைத்தாள்களும் அழிக்கப்பட்ட ஒரு பெயரும்

பல்கலைக்கழக மாணவனாக இருந்த காலத்தில் இரவு வேளைகளில் வானொலியில் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. அந்நாட்களில் அடிக்கடி ஒலிபரப்பப்பட்ட ஒரு சிறிய இசைத்துண்டு இன்றும் காதில் நிற்கிறது. முதல் வயலின் இனிமையாகப் பாட, மற்றைய மூன்று வாத்தியங்களும் வில்லை விடுத்து விரலால் நரம்பைச் சுண்டிக்கொண்டிருக்கும். 'ஹைடனின் செரனேட்' என்று அறிவிப்பாளர் கூறுவார். ஜோசப் ஹைடன் என்ற மேதையின் பெயரை நான் முதன்முதலில் அறிந்துகொண்டது அந்த இசையின் மூலமாகத்தான்.

அந்த இசை ஹைடனுடையதல்ல என்பது பின்னர் பல வருடங்கள் கழித்தே எனக்குத் தெரியவந்தது. அதைவிடவும் என்னை வியப்பில் ஆழ்த்தியது, அந்த உண்மை வெளிவந்த விதம். எவரும் காதால் கேட்டு அதைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய அச்சுத்தாள் ஒன்றைக் கண்ணால் உற்றுப்பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். 18 ஆம் நூற்றாண்டின் அறையிசைப் பதிப்புகளைத் தேடிச் சேகரிப்பவர்களைப் பற்றி நான் இன்று எழுத முனைவதற்கு அதுவே காரணம். அவர்களைப் பணம் மிகுந்தவர்களின் பொழுதுபோக்குக் கூட்டம் என்று ஒதுக்கிவிடுகின்ற மனோபாவம் படித்தவர்கள் மத்தியிலேயே இருக்கிறது. அது தவறானது என்பதே எனது அபிப்பிராயம்.

அறையிசை என்று நான் இங்கு குறிப்பிடுவது ஆங்கிலத்தில் 'சேம்பர் மியூசிக்' என்று அழைக்கப்படுவதை. பெரிய வாத்தியக்குழு இன்றி, இரண்டு, மூன்று, நான்கு பேர் ஒரு வீட்டின் அறையில் அமர்ந்து வாசிப்பதற்கென்று எழுதப்பட்ட இசை அது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ சேர்ந்த நால்வர் இசை அதன் உன்னத வடிவம் எனலாம்.

ஹைடன் விவகாரத்துக்கு வருவோம். 1777 ஆம் ஆண்டில் பாரிஸில் பாயூ என்ற வெளியீட்டாளர் ஆறு நால்வர் இசைகளை 'ஓபஸ் 3' என்ற இலக்கத்துடன், ஹைடனின் பெயரில் வெளியிட்டார். ஹைடனின் கைப்பட எழுதப்பட்ட பிரதி எதுவும் அவற்றுக்கு இருந்ததில்லை. ஆனால், ஹைடனின் மாணவரான பிளெயல் 1801 இல் தனது குருவின் நால்வர் இசைகள் அனைத்தையும் தொகுத்தபோது இந்த ஆறையும் அதில் சேர்த்துவிட்டார். முதுமையில் தளர்ந்திருந்த ஹைடனுக்காக அவரது பிரதியெடுப்பாளர் எல்ஸ்லர் 1805 இல் தயாரித்த பட்டியலிலும் அவை இடம்பெற்றன. அதன் பிறகு யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? ஏறத்தாழ 160 வருடங்கள் உலகம் அவற்றை ஹைடனுடையவை என்றே வாசித்தது.

1964 ஆம் ஆண்டில் அலன் டைசன், ரொபின்ஸ் லாண்டன் ஆகிய இரு ஆய்வாளர்கள் பாயூவின் பதிப்பைப் பரிசோதித்தபோது, முதலிரு படைப்புகளின் தலைப்பிடத்தில் மங்கலான கீறல்கள் தென்பட்டன. அச்சுத் தகட்டில் முன்பு பொறிக்கப்பட்டிருந்த ஒரு பெயர் அழிக்கப்பட்டதன் எச்சம் அது. அந்தப் பெயர் ஹொஃப்ஸ்டெட்டர். ஜேர்மனியில் அமோர்பாக் என்ற இடத்து மடாலயத்தில் வாழ்ந்த ரோமன் ஹொஃப்ஸ்டெட்டர் என்ற துறவி ஹைடன் மீது அளவுகடந்த பக்தி கொண்டிருந்தவர். ஹைடனின் பாணியில் எழுதிப்பார்க்க முயன்றதாக அவரே கடிதமொன்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆறு படைப்புகளும் அவருடையவைதானா என்பதில் ஆய்வாளர்கள் இன்னமும் எச்சரிக்கையுடனேயே பேசுகிறார்கள். ஆனால், அவை ஹைடனின் படைப்புகள் என்று இன்று எவரும் உறுதிபடக் கூறுவதில்லை.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் இந்தச் சம்பவம் என்னை உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் எழுதிய கட்டுரை, விற்பனையாகக்கூடிய இன்னொருவரின் பெயரில் வெளியாவதைப் போன்றதே இது. எழுதியவர் ஒரு மூலையில் இருந்தவர். பெயர் பெற்றவர் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. வெளியீட்டாளர் காசு பார்த்தார். குற்றத்தின் தடயம் மட்டும் தகட்டில் தங்கிவிட்டது.

அந்தத் தடயம் எப்படித் தங்கியது என்பதைச் சற்று விளக்கவேண்டும். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது எமது நாட்டில் ஈய எழுத்துக்களின் யுகம் முடிவடைந்துகொண்டிருந்தது. கம்போசிற்றர்கள் சிலர் அப்போதும் இருந்தார்கள். எழுத்துக்களைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் வாசிக்கக்கூடிய அவர்களின் ஆற்றல் என்னை எப்போதும் பிரமிக்க வைத்ததுண்டு. 18 ஆம் நூற்றாண்டின் இசைத்தகடு செதுக்குபவரும் அந்த இனத்தைச் சேர்ந்தவரே. இசைக்கும் கோர்க்கும் எழுத்துக்கள் இருந்தன. லைப்சிக் நகரின் பிரைட்கொப்ஃப் 1750களின் நடுப்பகுதியில் அதனைப் பெரிதும் மேம்படுத்தினார். ஆனால், வியன்னா, பாரிஸ், லண்டன் வெளியீட்டாளர்களில் பெரும்பாலானோர் தகட்டையே நாடினார்கள். வெள்ளீயம் முதன்மையாகக் கலந்த மென்மையான பியூட்டர் தகட்டில் கோடுகளைக் கீறி, ஸ்வரக் குறிகளின் தலைகளை எஃகு அச்சுக்களால் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பதிப்பார்கள். எல்லாமே வலமிருந்து இடமாக.

பிழை நேர்ந்தால் தகட்டைத் திருப்பி, பின்புறத்தில் அதே இடத்தை அடையாளம் கண்டு, அங்கு தட்டி மேற்பரப்பைச் சமப்படுத்தித் தேய்த்துவிட்டு மீண்டும் பொறிக்கவேண்டும். முழுமையாக அழிப்பது எளிதல்ல. அழித்த இடத்தில் ஒரு நிழல் எஞ்சிவிடும். முதலில் எடுக்கப்படும் பிரதிகளில் அந்த நிழல் தெளிவாக இருக்கக்கூடும். தகடு தேயத் தேய அதுவும் மறைந்துபோகும். இன்னொரு தகட்டில் விரிசல் விழுந்து, அது பிரதிக்குப் பிரதி நீண்டுகொண்டே செல்லும்.

இங்குதான் எனது பிரதான வாதம் இருக்கிறது. ஒரு வெளியீட்டாளர் தகடுகளைப் பத்திரப்படுத்தி வைத்து, கேள்வி எழும்போதெல்லாம் ஐம்பது, நூறு என்று பிரதிகளை எடுத்துக்கொண்டிருந்தார். இடையிடையே பிழைகளைத் திருத்தினார், விலையை மாற்றினார், கடை இடம்மாறினால் முகவரியை மாற்றினார், தொழிலை விற்றால் தகடுகளையும் சேர்த்து விற்றார். எனவே, ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அவை ஒன்றல்ல. 'இந்தப் பதிப்பு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்று கூறி மேலதிகப் பிரதிகளை விற்றுவிடுகின்ற நூலகங்கள், தாம் எதை விற்கிறோம் என்பதை அறியாமலேயே விற்கின்றன. இரண்டாவது பிரதி என்று ஒன்று இந்தத் துறையில் கிடையாது என்றே நான் கூறுவேன்.

சேகரிப்பாளர்கள் இதை நூலகங்களுக்கு முன்னரே உணர்ந்திருந்தார்கள். அலன் டைசனையே எடுத்துக்கொள்ளலாம். அவரது தொழில் உளப்பகுப்பாய்வு. சிக்மண்ட் ஃபிராய்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த குழுவில் பங்காற்றியவர். பழைய இசைப் பதிப்புகளை வாங்கிச் சேர்க்கும் ஆர்வத்திலிருந்தே அவரது இசை ஆய்வு வளர்ந்தது. மறைக்கப்பட்டதைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் கண்ணில் அந்த அழிக்கப்பட்ட பெயர் பட்டதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

அவரைவிடவும் பெரிய சேகரிப்பாளர் அந்தனி வான் ஹோபோக்கன். ரொட்டர்டாம் நகரின் செல்வந்தக் குடும்பமொன்றில் 1887 இல் பிறந்து, வியன்னாவில் இசை கற்றவர். முதற்பதிப்புகளும் ஆரம்பப் பதிப்புகளுமாக 5,000 க்கும் மேற்பட்டவற்றைச் சேகரித்தார். அவற்றில் 1,000 க்கும் மேற்பட்டவை ஹைடனின் படைப்புகள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அவர் தயாரித்த ஹைடன் அட்டவணையின் முதற்பாகம் 1957 இல் வெளியானது. இன்று ஹைடனின் படைப்பு எதையும் 'ஹோப்.' என்ற சுருக்கத்துடனும் இலக்கத்துடனும் குறிப்பிடுவதே உலக வழக்கம். ஒரு சேகரிப்பாளரின் பெயர் ஒரு மேதையின் ஒவ்வொரு படைப்புக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், அந்த ஹோபோக்கனும் ஓபஸ் 3 இன் ஆறு படைப்புகளையும் 13 தொடக்கம் 18 வரையான இலக்கங்களில் ஹைடனுடையவையாகவே அட்டவணைப்படுத்தியிருந்தார். ஏழு வருடங்கள் கழித்துத்தான் உண்மை வெளிவந்தது. ஆயிரம் தாள்களைச் சேகரித்தவரின் கண்ணும் தவறவிடும் என்பதற்காகவாவது, இன்னொருவர் வந்து மீண்டும் பார்ப்பதற்கு அந்தத் தாள்கள் இருக்கவேண்டும் அல்லவா? அவரது சேகரிப்பை ஆஸ்திரிய அரசு 1974 இல் வாங்கியது. இப்போது அது ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

போல் ஹிர்ஷ் என்பவரின் கதை வேறு வகையானது. பிராங்பேர்ட் நகரின் யூதத் தொழிலதிபர். 1906 இலேயே மொஸார்ட் பதிப்புகளுக்கு அட்டவணை வெளியிட்டவர். தனது வீட்டு நூலகத்தை வெளியாருக்கும் திறந்துவைத்திருந்தார். நாஜி ஆட்சியில் உயிர் தப்புவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், 1936 இல் அவர் குடும்பத்துடன் மட்டுமல்ல, தனது இசை நூலகத்துடனும் கேம்பிரிட்ஜ் போய்ச்சேர்ந்தார். 1946 இல் பிரிட்டிஷ் மியூசியம் அதனை வாங்கியது. பிராங்பேர்ட்டுக்கு அருகிலுள்ள டாம்ஸ்டட் நகரின் நூலகம் 1944 செப்டெம்பர் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கிருந்த இசைச் செல்வங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. ஹிர்ஷின் தாள்கள் வெளியேறாமல் இருந்திருந்தால் அவற்றுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தாளில் பொய்யும் அச்சாகும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 1730 ஆம் ஆண்டளவில் ஹெண்டலின் சொனாட்டாக்கள் 'அம்ஸ்டர்டாம், ஜான் ரொஜே' என்ற வெளியீட்டாளர் பெயருடன் புழக்கத்துக்கு வந்தன. அந்த அம்மையார் 1722 இலேயே காலமாகிவிட்டார். உண்மையில் அவற்றை வெளியிட்டவர் லண்டனில் இருந்த ஜோன் வோல்ஷ். பின்னர் தனது சொந்தப் பெயரிலேயே அவற்றை மீண்டும் வெளியிட்டபோது, முந்தைய பதிப்பைவிட இது திருத்தமானது என்று தலைப்புப் பக்கத்தில் பெருமையாக வேறு அச்சிட்டிருந்தார்! தனது பொய்ப் பதிப்பையே தான் குறைகூறுகிறோம் என்ற கூச்சம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தகடு செதுக்கியவர்களின் கைப்பாங்கைக் கொண்டுதான் இந்தக் குட்டு வெளிப்பட்டது. எஞ்சியுள்ள ஒரு பிரதியில், அதில் உள்ள சொனாட்டா ஒன்று ஹெண்டலுடையதல்ல என்று 18 ஆம் நூற்றாண்டு வாசகர் ஒருவர் தனது கைப்பட எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குறிப்பு ஒரே ஒரு பிரதியின் ஓரத்தில் எழுதப்பட்டது. அந்தப் பிரதியை எவராவது 'மேலதிகம்' என்று வீசியிருந்தால்?

வெளியீட்டாளர்கள் மாத்திரம்தான் கள்வர்கள் என்றும் சொல்லிவிடமுடியாது. ஹைடன் 1787 இல் தனது ஓபஸ் 50 நால்வர் இசைகளை வியன்னாவின் ஆர்ட்டாரியாவுக்கு விற்றுவிட்டு, அதே படைப்புகளை லண்டனில் ஃபோர்ஸ்டருக்கும் விற்றார். ஆர்ட்டாரியா சீற்றமடைந்ததில் வியப்பில்லை. ஆனால், அந்த இரட்டை வியாபாரத்தின் பயனாக, ஹைடனிடமிருந்தே புறப்பட்ட இரண்டு வெவ்வேறு மூலங்களிலிருந்து இரண்டு பதிப்புகள் எமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் நான்கு படைப்புகளின் கையெழுத்துப் பிரதிகள் 1982 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் திடீரென்று வெளிப்படும்வரை, அவற்றைப் பொறுத்தவரை பழைய அச்சுப் பிரதிகளையும் நகல்களையுமே ஆய்வாளர்கள் நம்பியிருக்கவேண்டியிருந்தது.

கையெழுத்துப் பிரதி கிடைத்துவிட்டால் அச்சுத்தாள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மொஸார்ட் ஹைடனுக்குச் சமர்ப்பணம் செய்த ஆறு நால்வர் இசைகளை 1785 இல் ஆர்ட்டாரியா வெளியிட்டது. அவற்றின் கையெழுத்துப் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆயினும், உரத்தும் மெதுவாகவும் வாசிக்கவேண்டிய இடங்களைக் காட்டும் குறிகள் உட்படப் பல விடயங்களில் அச்சுப்பதிப்பு கையெழுத்திலிருந்து வேறுபடுகிறது. அவற்றில் சில, அச்சாகும் தருணத்தில் மொஸார்ட் செய்த மாற்றங்களாக இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதுமையானதல்ல. எழுதிக்கொடுத்தது ஒன்று, புரூஃபில் திருத்தியது இன்னொன்று. இறுதி எண்ணம் எங்கே இருக்கிறது என்றால் அச்சில்தான்.

இந்தத் தாள்களில் பெரும்பாலானவற்றில் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதில்லை. சரக்கு பழையது என்று வாங்குபவர் நினைத்துவிடக்கூடாது என்பதே நோக்கம். தகட்டின் அடியில் உள்ள இலக்கம், கடையின் முகவரி, காகிதத்தின் நீர்க்குறி ஆகியவற்றோடு இன்னொரு சாட்சியும் ஆண்டைக் கண்டுபிடிக்கக் கைகொடுக்கிறது. அது அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரம். ஆர்ட்டாரியாவின் புதிய வெளியீடுகள் பல 'வீனர் ஸைட்டுங்' பத்திரிகையில் விளம்பரம் செய்யப்பட்டன. 1781 இறுதியில் ஓபஸ் 33 பற்றிய அறிவித்தல் அதில் வெளியானதைக் கண்டு ஹைடன் கொதித்துப்போனார். கையெழுத்துப் பிரதிகளுக்கு முன்கூட்டியே சந்தா வாங்கியிருந்த அவருக்கு, அச்சுப்பிரதி முந்திக்கொண்டு வந்தால் மானம் போய்விடும். 1703 இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை தனது தினசரி அச்சுப்பதிப்பை 2023 ஜூன் 30 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது என்பதை இங்கு ஒரு பெருமூச்சுடன் குறிப்பிடவேண்டியிருக்கிறது.

இனி, இணையம். 2006 இல் தொடங்கப்பட்ட ஐஎம்எஸ்எல்பி போன்ற தளங்களில் இந்தப் பழைய பதிப்புகள் பலவற்றை எவரும் செலவின்றிப் பார்க்கமுடிகிறது. வயலின் வாசிக்கத் தெரியாத என்னைப் போன்ற ஒருவன் கொழும்பில் இருந்துகொண்டே 1785 ஆம் ஆண்டுத் தாளைப் புரட்டுவது சாதாரண விடயமல்ல. அதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஹோபோக்கனே 1927 இல் வியன்னாவில், மேதைகளின் கையெழுத்துப் பிரதிகளைப் படம்பிடித்துப் பாதுகாக்கும் காப்பகமொன்றை நிறுவியவர்தான். படம் வேண்டாம் என்று அவர் கருதவில்லை. ஆனால், படம் இருக்கிறது என்பதற்காகத் தாளைக் கைவிடவும் இல்லை. கறுப்பு வெள்ளையாகச் சுருக்கி எடுக்கப்பட்ட படத்தில், அழிக்கப்பட்ட ஒரு பெயரின் நிழல் அழுக்கு என்று துடைக்கப்பட்டுவிடும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுத்திய பள்ளம் தெரியாது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைப் பார்க்கவும் முடியாது.

சேகரிப்பாளர்கள் எல்லோரையும் நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. வாங்கியதை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்து, ஆய்வாளருக்கும் காட்டாமல், விலை ஏறும்வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஹிர்ஷுடன் அவர்களை ஒரே வரிசையில் வைக்கமுடியாது. ஆனால், அவர்களும்கூடத் தாளைச் சிதைப்பதில்லை. சிதைப்பவர்கள் வேறு.

சில வருடங்களுக்கு முன்னர் லண்டனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் பழைய புத்தகக் கடையொன்றுக்குள் நுழைந்தேன். அட்டைப்பெட்டியொன்றில் பிளெயலின் நால்வர் இசையின் வியன்னாப் பதிப்பு கிடந்தது. அந்தக் காலத்தில் நான்கு வாத்தியங்களையும் ஒருசேரக் காட்டும் முழுத்தாள் அச்சிடும் வழக்கம் அறையிசைக்கு இருக்கவில்லை. பிளெயல்தான் 1802 இல் ஹைடனின் படைப்புகளைக் கொண்டு சட்டைப்பை அளவு முழுத்தாள்களைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன்னர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் புத்தகம். நால்வர் வாசித்துவிட்டு எழுந்துபோகும்போது யாராவது ஒருவர் தனது புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டால், கதை முடிந்தது. அந்தப் பெட்டியில் மூன்று புத்தகங்களே இருந்தன. வயோலா இல்லை.

கடைக்காரர் மரியாதையான மனிதர். வயோலா இல்லாததால் வாசிப்பவர்களும் வாங்கமாட்டார்கள், நூலகங்களும் வாங்கமாட்டா என்றார். முதல் வயலின் புத்தகத்தில் பூவேலைப்பாடுகளுடன் அழகான தலைப்புப் பக்கம் இருந்தது. அதை மட்டும் பிரித்துச் சட்டகம் போட்டால் வரவேற்பறையில் மாட்டுவதற்கு எவராவது வாங்குவார்கள் என்று சாதாரணமாகக் கூறினார். விலையைக் கேட்டு யோசித்துவிட்டு நான் வந்துவிட்டேன். மறுநாள் மனம் கேளாமல் திரும்பிச் சென்றபோது தலைப்புப் பக்கம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. வெளியீட்டாளரின் பெயர், முகவரி, விலை எல்லாம் அதோடு போய்விட்டன.

எஞ்சியவற்றை மிகச் சொற்ப விலைக்கு வாங்கிவந்தேன். 1952 இல் தொடங்கப்பட்ட ரிஸ்ம் என்ற சர்வதேச இசைமூல அட்டவணையில், 1800 க்கு முந்தைய இசைப் பதிப்புகள் எந்தெந்த நூலகங்களில் இருக்கின்றன என்பது மட்டுமன்றி, எந்தப் பிரதியில் எந்த வாத்தியம் குறைகிறது என்பதும் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஒரு நகரத்தின் வயோலாவை இன்னொரு நகரத்தின் மூன்று புத்தகங்களுடன் சேர்த்துப் படிக்க முடிவது அதனால்தான். என்னிடமுள்ள தாள்களின் அடியில் தகட்டு இலக்கம் இன்னமும் தெளிவாக இருக்கிறது. இவற்றைக் குறைப்பிரதி என்று தட்டிக்கழிக்காமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய நூலகமொன்றுக்கு எழுதியிருக்கிறேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.